115 புகார்கள், 78 தீக்காயங்கள்... ஸ்போர்ட்ஸ் வாட்ச் நிறுவனங்கள் யார் புகாரை முதலில் எடுக்கின்றன?

ஓடுவதற்கு, நீந்துவதற்கு, சைக்கிள் மிதிப்பதற்கு என்று ஆசையாக வாங்கிய வாட்ச் ஒருநாள் கையைச் சுட்டால் என்ன செய்வீர்கள்? பதறிப்போய்க் கழற்றி வைப்பீர்கள். கஸ்டமர் கேருக்கு போன் செய்வீர்கள். 'உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது' என்று ஒரு எண் வரும். அவ்வளவுதான்.

அதே நேரத்தில், 'ஸ்ட்ராப் நிறம் மங்கிவிட்டது', '10 கிலோமீட்டர் ஓடினால் 9.8 என்று காட்டுகிறது', 'போனுடன் இணைய மறுக்கிறது', 'சார்ஜ் ஒருநாள்கூட நிற்கவில்லை' என்று பல நாடுகளிலிருந்தும் அந்த நிறுவனத்துக்குப் புகார்கள் போய்க்கொண்டிருக்கும். இந்த நீளமான வரிசையில் உங்கள் புகார் எங்கே நிற்கிறது? முன்னால் வரவேண்டியது எது, காத்திருக்கலாம் என்பது எது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

இந்த முடிவைச் சரியான நேரத்தில் எடுக்காததற்காக அமெரிக்காவில் ஒரு நிறுவனம் 1.225 கோடி டாலர் அபராதம் கட்டியிருக்கிறது. நம் பணத்தில் 100 கோடி ரூபாய்க்கு மேல். அந்தக் கதையிலிருந்தே தொடங்கலாம்.

அயானிக் வாட்ச்சில் என்ன நடந்தது?

ஃபிட்பிட் நிறுவனத்தின் 'அயானிக்' வாட்ச் 2017-ல் விற்பனைக்கு வந்தது. உள்ளேயே ஜி.பி.எஸ், தண்ணீர் புகாத வடிவமைப்பு, இதயத்துடிப்பு பார்க்கும் வசதி என்று ஓட்டக்காரர்களையும் நீச்சல்காரர்களையும் மனதில் வைத்துச் செய்தது. விலை சுமார் 300 டாலர். அமெரிக்காவில் மட்டும் சுமார் 10 லட்சம், மற்ற நாடுகளில் சுமார் 6,93,000 வாட்ச்கள் விற்றன.

உள்ளே இருந்த லித்தியம் அயான் பேட்டரி சிலருக்கு அதிகமாகச் சூடானது. கையில் கட்டியிருந்தவர்களுக்குத் தீக்காயம் ஏற்பட்டது. புகார்கள் வந்தன. 2020-ம் ஆண்டின் முதல் காலாண்டில், பேட்டரி சூடாவதைக் குறைப்பதற்காக ஃபிட்பிட் ஒரு மென்பொருள் அப்டேட்டை அனுப்பியது. அதன் பிறகும் 'கை சுட்டுவிட்டது' என்ற புகார்கள் வந்துகொண்டே இருந்தன. அதே 2020-ல் வாட்ச்சின் தயாரிப்பு நிறுத்தப்பட்டது. ஆனால் கடைகளில் இருந்த சரக்கு 2021 டிசம்பர் வரை விற்றது.

2022 மார்ச் 2-ம் தேதிதான் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையமும் ஃபிட்பிட்டும் சேர்ந்து வாட்ச்சைத் திரும்பப் பெறும் அறிவிப்பை வெளியிட்டன. அப்போது சொல்லப்பட்ட கணக்கு இது: அமெரிக்காவில் பேட்டரி சூடானதாக 115 புகார்கள், அவற்றில் தீக்காயம் பற்றியவை 78. இரண்டு பேருக்கு மூன்றாம் நிலைத் தீக்காயம், நான்கு பேருக்கு இரண்டாம் நிலைத் தீக்காயம். மற்ற நாடுகளில் 59 புகார்கள், 40 தீக்காயங்கள். வாட்ச்சைத் திருப்பித் தருபவர்களுக்கு 299 டாலர் திரும்பக் கிடைக்கும் என்றது நிறுவனம்.

கதை அத்துடன் முடியவில்லை. காயம் பற்றிய தகவல் கைக்கு வந்தும் உடனடியாக அரசிடம் தெரிவிக்கவில்லை என்று ஆணையம் குற்றம்சாட்டியது. 2025 ஜனவரியில் 1.225 கோடி டாலர் கட்ட ஃபிட்பிட் ஒப்புக்கொண்டது. பாதுகாப்புப் புகார்களைக் கவனிக்க நிறுவனத்துக்குள் முறையான ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தின் ஒரு பகுதி. இடையில், 2021 ஜனவரியில், ஃபிட்பிட்டை கூகுள் வாங்கி முடித்திருந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 லட்சம் வாட்ச்சுக்கு 115 புகார். கிட்டத்தட்ட 8,700 வாட்ச்சுக்கு ஒன்று. சதவிகிதத்தில் சொன்னால் 0.0115. வெறும் எண்ணிக்கையை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால், இந்தப் புகார் பட்டியலின் அடியில் எங்கேயோ கிடக்கும். ஆனால் புகார் செய்த மூன்று பேரில் இரண்டு பேருக்குக் காயம். புகார்களை வரிசைப்படுத்தும் வேலையின் மொத்தச் சிக்கலும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் இருக்கிறது.

புகார் உள்ளே போனதும் என்ன ஆகிறது?

நாம் போன் செய்தாலும், ஆப்பில் எழுதினாலும், மெயில் அனுப்பினாலும் அது ஒரு 'டிக்கெட்' ஆக மாறுகிறது. அதை முதலில் பார்ப்பவர் கஸ்டமர் கேர் ஊழியர். அவர் கையில் கேள்விப் பட்டியல் ஒன்று இருக்கும். 'ரீஸ்டார்ட் செய்தீர்களா? அப்டேட் செய்தீர்களா?' என்று நம்மைக் கேட்பது அந்தப் பட்டியலிலிருந்துதான். பேசி முடித்ததும் அவர் அந்த டிக்கெட்டுக்கு ஒரு தலைப்பு போடுகிறார். 'பேட்டரி', 'ஸ்ட்ராப்', 'ஜி.பி.எஸ்', 'டிஸ்ப்ளே' என்று ஏதோ ஒன்று.

அந்தத் தலைப்பு ரொம்ப முக்கியம். ஒருவர், 'சார்ஜ் சீக்கிரம் இறங்குது, வாட்ச் கொஞ்சம் சூடாகவும் இருக்கு' என்கிறார். ஊழியர் அதை 'பேட்டரி நிற்கவில்லை' என்று பதிந்தால், அது நூற்றுக்கணக்கான சாதாரண புகார்களுடன் கலந்துவிடும். 'சூடாகிறது' என்று பதிந்தால் வேறு பாதையில் போகும்.

முதல் ஊழியரால் முடியாதது தொழில்நுட்பக் குழுவுக்குப் போகும். அங்கே ஒரே மாதிரியான புகார்கள் சேர்ந்து தெரிந்தால் பொறியாளர்களுக்குப் போகும். காயம், புகை, தீ, மின்அதிர்ச்சி போன்ற வார்த்தைகள் வந்தால் இந்தப் படிகளையெல்லாம் தாண்டி நேராகப் பாதுகாப்புக் குழுவுக்கும் சட்டப் பிரிவுக்கும் போக வேண்டும். ஒழுங்கான நிறுவனத்தில் இதற்குத் தனி வழி இருக்கும்.

புகார்களைக் கையாள்வதற்கென்றே ஐ.எஸ்.ஓ 10002 என்று ஒரு சர்வதேச தரநிலையும் இருக்கிறது. புகார் வந்ததும் அதை எதைவைத்து எடைபோட வேண்டும் என்று அது சொல்கிறது: எவ்வளவு தீவிரமானது, பாதுகாப்பு சம்பந்தப்பட்டதா, எவ்வளவு சிக்கலானது, பாதிப்பு என்ன, உடனே நடவடிக்கை எடுக்க வேண்டிய அவசியமும் வாய்ப்பும் இருக்கிறதா. எத்தனை பேர் புகார் செய்தார்கள் என்பது அந்தப் பட்டியலின் முதல் வரியில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

பெருக்கல் கணக்கு

பொறியாளர்கள் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்தும் முறை ஒன்று உண்டு. 1940-களின் இறுதியில் அமெரிக்க ராணுவத்தில் பிறந்து, பிறகு விண்வெளித் துறைக்கும் கார் தொழிற்சாலைகளுக்கும் போய், இன்று எலெக்ட்ரானிக் பொருள்கள் வரை வந்திருக்கிறது. சுருக்கமாக எஃப்.எம்.இ.ஏ என்பார்கள்.

ஒவ்வொரு குறைபாட்டுக்கும் மூன்று மதிப்பெண் போடுவார்கள். எவ்வளவு தீவிரம், எவ்வளவு அடிக்கடி நடக்கும், வாடிக்கையாளர் கைக்குப் போவதற்கு முன் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 10 வரை. மூன்றையும் பெருக்கினால் வருவதுதான் அந்தக் குறைபாட்டின் ஆபத்து எண். அதிகபட்சம் 1,000. எண் பெரிதாக இருந்தால் முதலில் சரிசெய்ய வேண்டும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் ஓர் ஓட்டை உண்டு. உதாரணத்துக்கு, ஸ்ட்ராப் நிறம் மங்குவதை எடுத்துக்கொள்வோம். தீவிரம் 2, அடிக்கடி நடப்பதால் 9, கண்டுபிடிக்கும் சிரமம் 3. பெருக்கினால் 54. இப்போது பேட்டரி கையைச் சுடுவது. தீவிரம் 10, மிக அரிது என்பதால் 1, கண்டுபிடிக்கும் சிரமம் 5. பெருக்கினால் 50. கணக்குப்படி ஸ்ட்ராப்தான் முதலில்!

இந்த ஓட்டை தெரிந்ததால்தான், கார் தொழில்துறையின் அமெரிக்க, ஜெர்மன் அமைப்புகள் 2019-ல் வெளியிட்ட பொதுக் கையேட்டில் இந்தப் பெருக்கலைக் கைவிட்டன. தீவிரத்துக்கு முதல் இடம் கொடுத்து 'உயர், நடுத்தரம், குறைவு' என்று முன்னுரிமையைப் பிரிக்கும் அட்டவணை வந்தது. கையில் கட்டும் வாட்ச்சுக்கும் அதே நியாயம் பொருந்தும். இருக்கையில் உட்காரும்போது மட்டுமே தொடும் காரைவிட, தூங்கும்போதும் தோலை ஒட்டியே இருக்கும் பொருள் இது.

எண்ணிக்கை பெரிதானால்?

இதற்கு நேர்மாறான கதையும் ஃபிட்பிட்டிலேயே இருக்கிறது. 2013 அக்டோபரில் 'ஃபோர்ஸ்' என்ற கைப்பட்டையை வெளியிட்டார்கள். சில மாதங்களிலேயே தோல் சிவப்பு, அரிப்பு, கொப்புளம் என்று புகார்கள். பயன்படுத்துபவர்களில் 1.7 சதவிகிதம் பேர் தோல் எரிச்சல் பற்றிச் சொல்லியிருப்பதாக நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி ஜேம்ஸ் பார்க் வாடிக்கையாளர்களுக்கு எழுதினார். பட்டையில் உள்ள ஸ்டீலில் இருக்கும் நிக்கல், அல்லது ஸ்ட்ராப்பிலும் பசையிலும் இருக்கும் பொருள்கள் ஒத்துக்கொள்ளாமல் வரும் ஒவ்வாமை என்பது விளக்கம்.

2014 மார்ச் மாதம் அதிகாரபூர்வமாகத் திரும்பப் பெற்றபோது, அமெரிக்காவில் சுமார் 10 லட்சம், கனடாவில் 28,000 பட்டைகள். தோல் எரிச்சல் புகார்கள் சுமார் 9,900. கொப்புளம் சுமார் 250.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுமே அமெரிக்காவில் 10 லட்சம் விற்ற பொருள்கள். ஒன்றுக்கு 9,900 புகார்கள், மற்றொன்றுக்கு 115. முதலாவது, விற்பனைக்கு வந்த அரை ஆண்டுக்குள் கடைகளிலிருந்து இறங்கியது. இரண்டாவதுக்கு நான்கரை ஆண்டுகள் ஆயின. அரிப்பு பல பேருக்கு வந்தது, சத்தம் பெரிதாகக் கேட்டது. தீக்காயம் சில பேருக்கு வந்தது, சத்தம் கேட்க நேரமானது.

எல்லோருக்கும் ஒரே நாளில் வரும் கோளாறு இன்னும் வேகமாக முன்னால் வரும். 2025 ஜனவரி 28 அன்று கார்மின் வாட்ச் வைத்திருந்த பலருக்கும் திரையில் ஒரு நீல முக்கோணம் மட்டுமே தெரிந்தது. வாட்ச் தானாக ஆஃப் ஆகி ஆன் ஆகி, அதே முக்கோணத்தில் நின்றது. ஓட்டத்தைத் தொடங்க ஜி.பி.எஸ்ஸைத் தட்டியவுடன் பலருக்கு இது நடந்தது. செயற்கைக்கோள்கள் இருக்கும் இடத்தை வாட்ச்சுக்குச் சொல்லும் ஒரு கோப்பு கெட்டுப்போய் வந்ததுதான் காரணம். ஃபீனிக்ஸ், ஃபோர்ரன்னர், வேனு என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மாடல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் சிக்கின. எப்படி ரீஸ்டார்ட் செய்வது, எப்படி மீண்டும் போனுடன் இணைப்பது என்ற வழிமுறையை கார்மின் உடனடியாக வெளியிட்டது. யாருக்கும் காயம் இல்லை. ஆனால் வாட்ச் மொத்தமாக முடங்கியது, அதுவும் ஒரே நாளில், எல்லோர் கண் முன்னாலும். அப்படிப்பட்ட புகார் வரிசையில் நிற்பதில்லை.

புகார் வாடிக்கையாளரிடமிருந்துதான் வரவேண்டும் என்பதும் இல்லை. விபத்து நடந்தால் தானாகவே அவசர உதவியை அழைக்கும் வசதியை ஆப்பிள் 2022 செப்டம்பரில் புதிய ஐபோன்களிலும் வாட்ச்களிலும் கொண்டுவந்தது. அந்தப் பனிக்காலத்தில், அமெரிக்காவின் கொலராடோ, யூட்டா பகுதிகளில் பனிச்சறுக்கு விளையாடியவர்கள் விழுந்து எழுந்ததையெல்லாம் விபத்து என்று நினைத்து 911-க்கு அழைப்புகள் பறந்தன. கையில் வாட்ச் கட்டியவருக்கு அது தெரியவேகூட இல்லை. கஷ்டப்பட்டது அவசர உதவி மையத்தில் போன் எடுப்பவர்கள். உண்மையான விபத்துக்கு எடுக்க வேண்டிய போன் வரிசையில் காத்திருக்கும் அபாயம் இருந்ததால், ஆப்பிள் மென்பொருள் அப்டேட்கள் மூலம் அந்த வசதியைத் திருத்தியது.

முதலில் மென்பொருள், கடைசியில்தான் ரீகால்

குறைபாடு உறுதியானதும் நிறுவனத்தின் முன்னால் சில வழிகள் இருக்கும். மென்பொருளைத் திருத்தலாம். கேட்டு வருபவர்களுக்கு மட்டும் மாற்றித் தரலாம். குறிப்பிட்ட பாகத்தை இலவசமாக மாற்றும் திட்டம் அறிவிக்கலாம். அல்லது எல்லாவற்றையும் திரும்பப் பெறலாம். இதே வரிசையில்தான் செலவும் கூடிக்கொண்டே போகும்.

இலவச மாற்றுத் திட்டத்துக்கு ஓர் உதாரணம்: ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 2, சீரிஸ் 3 அலுமினிய மாடல்களில் திரையின் வளைந்த ஓரத்தில் விரிசல் விடுவதாக வந்த பிரச்னைக்கு, 2019 ஆகஸ்டில் தகுதியுள்ள வாட்ச்களுக்குத் திரையை இலவசமாக மாற்றித் தரும் திட்டத்தை ஆப்பிள் அறிவித்தது.

மென்பொருளிலேயே முடித்துவிட முடியும் என்று நம்பி, கடைசியில் மொத்தத்தையும் திரும்பப் பெற்ற நிறுவனம் இன்டெல். அதன் 'பேசிஸ் பீக்' ஃபிட்னஸ் வாட்ச் சூடாகி, சிலருக்குக் கொப்புளமும் தீக்காயமும் ஏற்பட்டன. 2016 ஜூனில் விற்பனையை நிறுத்தினார்கள். மென்பொருள் திருத்தம் வரும்வரை கட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். ஆகஸ்டில், சரியான தீர்வு கிடைக்கவில்லை என்று ஒப்புக்கொண்டு, விற்ற வாட்ச்கள் அனைத்தையும் திரும்பப் பெற்றுப் பணத்தையும் கொடுத்தார்கள். சூடாவதாகச் சொன்னவர்கள் மொத்தத்தில் 0.2 சதவிகிதம். அந்த ஆண்டு இறுதியில் அந்த வாட்ச்சின் சேவையே மூடப்பட்டது.

இன்டெல் கதையில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. திருத்தம் தயாராகும் வரை வாட்ச்சைக் கழற்றி வைக்கச் சொன்னார்கள். தீர்வு கிடைக்கவில்லை என்றாலும் அந்த இரண்டு மாதத்தில் பலருடைய மணிக்கட்டு தப்பித்திருக்கும். வெறும் அப்டேட்டை மட்டும் அனுப்பிவிட்டு, ஏன் அனுப்புகிறோம் என்று சொல்லாமல் விட்டால், வாட்ச்சைக் கட்டியிருப்பவருக்கு எச்சரிக்கையாக இருக்கக் காரணமே தெரியாது. 'அப்டேட் வந்த பிறகு சார்ஜ் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது' என்று புகார் சொல்பவர்களும் உண்டு. சில நேரம் அது கோளாறு இல்லை. பேட்டரி சூடாகாமல் இருக்க, அதன் கொள்ளளவை வேண்டுமென்றே குறைத்திருப்பார்கள். ஃபிட்பிட்டின் சென்ஸ், வெர்சா 3 வாட்ச்களுக்கு வந்த அப்டேட் அந்த வகைதான்.

அடியிலேயே கிடக்கும் புகார்கள்

ஸ்போர்ட்ஸ் வாட்ச் வைத்திருப்பவர்கள் அதிகம் சொல்லும் சில புகார்களுக்கு 'இது இயல்பானது' என்று பதில் வரும். சில நேரம் அது தட்டிக்கழிப்பு. பல நேரம் உண்மை. வித்தியாசம் தெரிந்தால் நமக்கு நேரம் மிச்சம்.

தூரம்: மாரத்தான் தூரம் 42.195 கிலோமீட்டர். ஓடி முடித்தால் வாட்ச் 42.6 என்று காட்டும். 'என் வாட்ச் தப்பு' என்று எழுதிவிடுவோம். உண்மையில், பந்தயப் பாதையை அளப்பது வளைவுகளில் மிகக் குறுகிய கோட்டை எடுத்து. நாம் அந்தக் கோட்டிலேயே ஓடுவதில்லை. கூட்டத்தைச் சுற்றி, தண்ணீர் மேசைக்கு ஒதுங்கி ஓடுகிறோம். பாதை குறைந்துவிடக் கூடாது என்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூடுதலாகவே அளந்தும் வைக்கிறார்கள். உயரமான கட்டடங்களுக்கு நடுவே ஜி.பி.எஸ் சிக்னல் எதிரொலித்து வருவதும் சேரும். ஒரே இடத்தில், ஒரே மாதிரி, திரும்பத் திரும்பத் தவறினால் மட்டும் அது புகாருக்குரியது.

இதயத்துடிப்பு: வாட்ச்சின் அடியில் எரியும் பச்சை ஒளி, தோலுக்கு அடியில் ரத்தம் ஓடுவதைப் பார்த்து துடிப்பைக் கணக்கிடுகிறது. கை ஆடும்போது கணக்கு தடுமாறும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், ஓய்வாக இருக்கும்போது இருப்பதைவிட உடல் அசையும்போது பிழை சராசரியாக 30 சதவிகிதம் அதிகமாக இருந்தது. தோல் நிறத்தால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் அந்த ஆய்வில் தெரியவில்லை. மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே, நழுவாமல் கட்டிப் பார்த்துவிட்டுப் புகார் செய்யலாம். ஆனால் நெஞ்சு படபடப்பு, மயக்கம் இருந்தால் வாட்ச் சரியா தவறா என்று ஆராய வேண்டாம். டாக்டரைப் பாருங்கள்.

தண்ணீர்: '5 ஏ.டி.எம்' என்று பெட்டியில் இருக்கும். 50 மீட்டர் ஆழம் வரை போகலாம் என்று அர்த்தமில்லை. அசையாத நீரில் அந்த அளவு அழுத்தத்தில் சோதித்தார்கள் என்று பொருள். நீச்சலுக்குப் போதும், ஸ்கூபா டைவிங்குக்குப் போதாது. தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையமும் வயதாகும். சோப்பு, வெந்நீர், கீழே விழுந்த அடி எல்லாம் அதைப் பலவீனமாக்கும். 'தண்ணீர் புகுந்தது உங்கள் தவறு' என்று நிறுவனம் சொன்னால், வாட்ச்சைக் குளத்தில் மட்டும்தான் பயன்படுத்தினீர்கள், எந்த ஆழத்தில், எவ்வளவு நேரம் என்ற விவரத்தை எழுதி மறுபடி கேளுங்கள். விளம்பரத்தில் நீச்சல் படம் போட்டிருந்தால் அதையும் இணையுங்கள்.

சட்டம் எங்கே நுழைகிறது?

அமெரிக்கச் சட்டப்படி, ஒரு பொருளில் பெரிய ஆபத்தை உண்டாக்கக்கூடிய குறைபாடு இருப்பதாகத் தகவல் கிடைத்தால், நிறுவனம் 24 மணி நேரத்துக்குள் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்திடம் சொல்ல வேண்டும். உறுதியாகத் தெரியவில்லை என்றால் விசாரிக்க 10 வேலை நாள்கள். காரணத்தைக் கண்டுபிடித்த பிறகு சொல்லலாம், மென்பொருள் திருத்தத்தைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்பதற்கு அதில் இடமில்லை. ஃபிட்பிட் மாட்டிக்கொண்டது இங்கேதான்.

2011 முதல் இன்னொரு வசதியும் அங்கே இருக்கிறது. ஆணையத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் ஒரு பொருளால் நேர்ந்த ஆபத்தைப் பதிவு செய்யலாம். அது நிறுவனத்துக்கும் போகும், பிறகு பொதுமக்கள் பார்வைக்கும் வரும். கஸ்டமர் கேர் ஊழியர் போடும் தலைப்பை நம்பிக் காத்திருக்க வேண்டியதில்லை.

நம் நாட்டில் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. குறைபாடுள்ள பொருளால் காயமோ நஷ்டமோ ஏற்பட்டால் தயாரித்தவர், விற்றவர், சர்வீஸ் செய்தவர் ஆகியோரிடம் இழப்பீடு கேட்க அதில் தனி அத்தியாயமே இருக்கிறது. ஆபத்தான பொருள்களைத் திரும்பப் பெறவும், பணத்தைத் திருப்பித் தரவும் உத்தரவிடும் அதிகாரம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு உண்டு. ஆன்லைனில் வாங்கியிருந்தால், அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை உறுதிசெய்ய வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

நம் புகார் வரிசையில் முன்னால் வர...

* முதல் வரியிலேயே உடம்புக்கு என்ன ஆனது என்று எழுதுங்கள். 'மோசமான வாட்ச், ஏமாற்று வேலை' என்று தொடங்கினால் ஊழியருக்குத் தலைப்பு போடத் தெரியாது. 'சார்ஜ் செய்து கட்டிய 20 நிமிடத்தில் சூடாகி, மணிக்கட்டில் கொப்புளம் வந்தது' என்று எழுதினால் வேறு வழியில்லாமல் மேலே அனுப்புவார்கள்.

* மாடல், சீரியல் நம்பர், மென்பொருள் பதிப்பு, வாங்கிய தேதி, பில் ஆகிய ஐந்தும் முதல் மெயிலிலேயே இருக்கட்டும். ஒரே காலகட்டத்தில் தயாரான வாட்ச்களில் பிரச்னை இருப்பதைக் கண்டுபிடிக்க சீரியல் நம்பர்தான் உதவும்.

* காயத்தையும் வாட்ச்சையும் அன்றே போட்டோ எடுங்கள். டாக்டரிடம் போனால் சீட்டில் 'வாட்ச் கட்டிய இடத்தில்' என்று குறிப்பிடச் சொல்லுங்கள்.

* சூடான வாட்ச்சை மறுபடி சார்ஜில் போட்டுச் சோதிக்க வேண்டாம். பேட்டரி உப்பித் திரை தூக்கிக்கொண்டிருந்தால் அழுத்தவோ பிரிக்கவோ கூடாது. குப்பையில் போடவும் கூடாது. அதுதான் உங்கள் ஆதாரம். தீப்பிடிக்கும் பொருள்கள் அருகில் இல்லாத இடத்தில் வையுங்கள்.

* போனில் பேசினாலும் எழுத்தில் ஒருமுறை அனுப்பிவிடுங்கள். புகார் எண்ணைக் குறித்துவையுங்கள். 'புது வாட்ச் தருகிறோம்' என்றால் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் காயம் என்ற விவரம் புகாரில் பதிவாகியிருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

* பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கு போடலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. பிரச்னை நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும்.

* வாங்கும்போதே ஒரு விஷயம் பாருங்கள். இந்தியாவில் விற்கும் ஸ்மார்ட் வாட்ச்களுக்கு பி.ஐ.எஸ் பதிவு கட்டாயம். பெட்டியிலோ வாட்ச்சிலோ 'ஆர்' என்ற ஆங்கில எழுத்துடன் தொடங்கும் பதிவு எண் இருக்கும். 'பி.ஐ.எஸ் கேர்' ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் பதிவானது என்று தெரியும். எண்ணே இல்லாத மலிவு வாட்ச்சில் கோளாறு வந்தால், புகார் செய்வதற்கே ஆள் தேட வேண்டியிருக்கும்.

அயானிக் விஷயத்தில் 115 என்ற எண், வாட்ச் சூடான எல்லோரின் கணக்கு இல்லை. எழுதி அனுப்பியவர்களின் கணக்கு மட்டுமே. எரிச்சலில் டிராயரில் போட்டுவிட்டு மறந்தவர்கள், 'சின்னக் காயம்தானே' என்று விட்டவர்கள் அதில் வரமாட்டார்கள். அரிதாக நடக்கும் ஆபத்தில் கூடுதலாகப் பத்துப் பேர் எழுதினால்கூட, அந்த எண் நிறுவனத்தின் கூட்டத்தில் வேறு மாதிரி தெரியும்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் பழைய ஃபிட்பிட் அயானிக் ஒன்று கிடக்கலாம். பிள்ளைகள் விளையாட எடுத்து சார்ஜில் போடுவதற்கு முன் அதைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.